ஒரு வள்ளம் சாமை

கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி, காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே ஒரு சிற்றூர். ஓட்டு வீடு. உள்ளே மூலையில் ஒரு தொம்பை நின்றது. மூங்கில் பிளாச்சைக் கூடைபோல முடைந்து, மேலே செம்மண்ணும் சாணமும் பூசி மெழுகிய தானியக் குதிர். வீட்டு ஆயா அதன் வாயை அடைத்திருந்த மண்ணைத் தட்டிப் பெயர்த்தார். கையை உள்ளே விட்டு, தானியம் அளக்கும் வள்ளத்தில் சாமையை அள்ளினார். போதும் என்றேன். இன்னும் இரண்டு கை போட்டார். வள்ளத்தின் வாய் நிறைந்து, மேலே கூம்பாகக் குவிந்து, ஓரத்தில் சரிந்தது.

"தலை தட்ட வேண்டாமா ஆயா?"

"விக்கறதுக்குத்தான் தலை தட்டறது. வெதைக்குக் குவிச்சுத்தான் போடணும் கண்ணு. நீ திருப்பிக் குடுக்கறப்பவும் குவிச்சுத்தான் குடுக்கணும்."

காசு வாங்கவில்லை. ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. ராசிபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது, அதில் விதைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னது மட்டும்தான் அவருக்கு நான் கொடுத்த உத்தரவாதம். துணிப்பையில் கொட்டி முடிச்சுப் போட்டுக் கொண்டேன்.

இந்த ஒரு வள்ளம் சாமை கடந்துவந்த பாதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழியில் அதை நிறுத்தி, உன் பெயர் என்ன, உரிமம் எங்கே என்று கேட்டவர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

சாமையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விரலிடுக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு கிராமுக்கு நானூறு, ஐந்நூறு மணி பிடிக்கும். உமி பளபளவென்று இறுகிக் கிடக்கும். அறிவியல் நூல்களில் பானிக்கம் சுமத்ரென்ஸ் என்ற ஒரே பெயர்தான். கொல்லிமலையில் அப்படி இல்லை. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாசாமை, மல்லியச்சாமை, சடன்சாமை என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர். சீக்கிரம் விளைந்து வீட்டுக்கு வருவது ஒன்று. நாலைந்து மாதம் நின்று, மழை தவறினாலும் ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவது இன்னொன்று. கல்லும் சரிவுமான கொல்லைக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்து நல்ல நிலத்துக்கு ஒன்று.

ஒரே ரகத்தை விதைத்த கொல்லையிலும் எல்லாக் கதிரும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை, ஒரே நாளில் முற்றுவதுமில்லை. முன்னே முற்றியது ஒரு பக்கம் தலை சாய்ந்திருக்கும், பின்னது இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும். தொழில்முறை விதை உற்பத்தியாளர் கண்ணுக்கு இது கலப்படமாகத் தெரியும். மலை உழவருக்கு இதுதான் காப்பு. இடையில் பதினைந்து நாள் மழை நின்றால் ஒரு பங்கு போகும், மறு பங்கு பிழைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த சாமைக்கு முதல் அடி எந்தச் சட்டத்தாலும் விழவில்லை. 1970-களுக்குப் பிறகு மலையில் மரவள்ளி பரவியது. கீழே சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களில் சவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காத்திருந்தன. லாரி மேலே வந்தது, கையில் ரொக்கம் வந்தது. பிள்ளையைப் படிக்க வைக்கவும் மருத்துவமனைக்குப் போகவும் ரொக்கம் வேண்டும், அதைச் சாமை தராது. ரேஷன் அரிசியும் வந்தது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். சோற்றுக்கு அரிசி கடையிலேயே கிடைக்கும்போது சாமையை ஏன் குத்த வேண்டும்?

அந்தக் குத்துதல் லேசான வேலை இல்லை. சாமையை உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறாக்கும் பதத்துக்கு வரும். கொல்லை வேலை முடித்து வந்த பெண்கள் இருட்டிய பிறகும் இதைச் செய்தார்கள். சாமை குறைந்ததற்காக வருந்துகிறவர்கள் முதலில் அந்த உலக்கையை ஒரு மணி நேரம் தூக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களின் தோள்வலியை மறந்துவிட்டுப் பாரம்பரியம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அரசின் கை இதில் வேறு விதமாக இருந்தது. எந்தப் பயிருக்கு ஆதரவு விலை, எதற்குக் கடன், ரேஷனில் எந்தத் தானியம் என்று முடிவு செய்யும் இடத்தில் சாமையின் பெயர் இல்லை. 2018-இல் மத்திய அரசு சிறுதானியங்களை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அரசிதழில் அறிவித்தது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன் பிறகும் மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. சாமை, தினை, வரகு இல்லை.

ஆனாலும் விதை அழியவில்லை. மரவள்ளி போட்ட வீட்டிலேயே ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் சாமை நின்றது. சாமி கும்பிடப் பொங்கல் வைக்க வேண்டும், வயசானவர்கள் பழைய சோறு கேட்கிறார்கள், விதை அற்றுப்போகக் கூடாது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொடி பிடிக்கவில்லை, மறியல் செய்யவில்லை. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தத் துண்டை விடாமல் உழுதார்கள். கொல்லிமலையின் எதிர்ப்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்த ஓரத் துண்டைத்தான் காட்டுவேன்.

1990-களில் சாமை மலையை விட்டு இறங்கியது. சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலை தொடங்கி, ரகங்களைச் சேகரித்துத் தன் மரபணு வங்கியில் வைத்தது. தில்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. அங்கே விதையை உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்து, கழித்தல் 18 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். தொம்பைக்கும் அந்த அறைக்கும் வேலை ஒன்றுதான். ஆனால் அங்கே விதைக்கு ஒரு எண் ஒட்டுகிறார்கள். யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது, குவித்தா, தட்டியா என்பதெல்லாம் எண்ணுக்குள் அடங்குவதில்லை.

சுவாமிநாதன் நிறுவனத்துக்குப் பாராட்டு உரியது. விதையை எடுத்துக்கொண்டு போனதோடு அவர்கள் நிற்கவில்லை. ஊர் ஊராக விதை வங்கி வைத்தார்கள், உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்தார்கள், மகளிர் குழுக்களும் உழவர் குழுக்களும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று உருவானது. உலக்கை ஓய்ந்த பிறகு சாமை திரும்பி வர வழி பிறந்தது. கொல்லிமலைச் சாமை என்று அச்சடித்த பொட்டலம் நகரத்துக் கடைகளுக்குப் போனது.

பொட்டலமானதும் அதற்கு விதிகள் வந்தன. 2023 செப்டம்பர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 15 சிறுதானியங்களுக்குத் தர அளவுகளைக் கட்டாயமாக்கியது. ஈரம் 13 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வண்டு தின்ற மணி இவ்வளவுக்கு மேல் கூடாது, சுருங்கிய மணி இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. உண்பவருக்கு இது நியாயம்தான். மேகம் படுத்துக் கிடக்கும் மலையில் அறுத்த தானியத்தை 13 விழுக்காட்டுக்குக் காயவைக்க நல்ல களமும் ஈரமானியும் வேண்டும், அதை ஊருக்கு ஒன்றாவது தர வேண்டியது விதி போட்டவர்களின் கடமை. மருந்தே அடிக்காத இந்தச் சாமையின் மேல் இயற்கை விளைபொருள் என்று எழுதி விற்கவும் சான்றிதழ் வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, நேரடியாக உண்பவருக்கே விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் ஒருவர் நடுவே வந்தால் கதை வேறு.

உணவாகப் போகும் சாமையின் பாடு இது. விதையாகப் போகும் சாமையின் பாடுதான் என்னை உறங்கவிடாதது.

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் 24-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தான் விளைவித்த விதையை, தன் இடத்தில் வைத்து, விதைக்கப்போகிறவரிடம் நேரடியாகக் கொடுத்தாலோ விற்றாலோ இந்தச் சட்டம் பாயாது என்கிறது. ஆயா எனக்குச் சாமை அளந்தது முழுக்க இந்தப் பிரிவின் நிழலில்தான். அவர் வீடு, அவர் விளைவித்தது, விதைக்கப்போகிறவன் நான். அதே சாமையை அவர் தலையில் சுமந்து சோளக்காட்டுச் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்தால்? அந்தச் சட்டம் அரசு அறிவிக்கை செய்த ரகங்களை மட்டுமே கட்டுப்படுத்துவதால் நாட்டு ரகம் அதற்கு வெளியே தப்பி நிற்கிறது. சலுகை வாசற்படி வரைக்கும்தான். படியைத் தாண்டினால், சட்டம் பெயர் சொல்லாமல் விட்டதுதான் ஆயாவுக்குப் பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பைத்தான் 2004 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்த விதை மசோதா அசைத்தது. விற்பனைக்கு வரும் எல்லா ரகமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. உழவர் தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்றும் ஒரு பிரிவு வைத்திருந்தது. கூடவே இரண்டு முள். வணிகப் பெயரில் விற்கக் கூடாது. முளைப்பிலும் தூய்மையிலும், மரபுத் தூய்மையிலும்கூட, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருப்பதை விற்கக் கூடாது.

மரபுத் தூய்மை! முன்னே முற்றுவதும் பின்னே முற்றுவதும் கலந்து நிற்பதால்தானே அந்தக் கொல்லை பஞ்சத்தைத் தாண்டியது? அந்தக் கலப்பைக் குற்றமென்று அளக்கும் கோலை எந்த ஆயா கையில் கொடுப்பது? நாடெங்கும் உழவர் அமைப்புகள் கொதித்தன. நாடாளுமன்ற நிலைக்குழு 2006-இல் திருத்தங்களோடு அறிக்கை கொடுத்தது. மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. 2009-இல் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வேளாண் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வேளாண் ஆலோசனை சொல்லலாம், மற்றவர் சொன்னால் தண்டனை என்பது அதன் சாரம். 'இந்தச் சரிவுக்கு வெள்ளப்பெருஞ்சாமை வேண்டாம், கட்டவெட்டி போடு' என்று ஆயா பக்கத்து வீட்டு மருமகளிடம் சொன்னால் அது ஆலோசனையா இல்லையா? இயற்கை வேளாண்மையை ஊர் ஊராக நடந்து பரப்பிக்கொண்டிருந்த கோ. நம்மாழ்வாரும் உழவர் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தார்கள். நம்மாழ்வாரோ வேளாண்மைப் பட்டதாரி. சட்டம் அவரைத் தொட்டிருக்காது, அவர் யாரிடமிருந்து கற்றேன் என்று மேடைதோறும் சொன்னாரோ அவர்களைத் தொட்டிருக்கும். எதிர்ப்பு வலுத்ததும் அரசு சட்டத்தைக் கிடப்பில் போட்டது.

அதே காலத்தில் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். ஆண்டுதோறும் நெல் திருவிழா. வருகிற உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை, மறு ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது 174 ரகங்களை மீட்டவர் என்று நாடு அஞ்சலி செலுத்தியது. கொல்லிமலை ஆயாவின் குவித்த வள்ளமும் அந்த நாலு கிலோவும் ஒரே கணக்கு.

எல்லாச் சட்டத்தையும் பகை என்று நான் சொல்ல மாட்டேன். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் அதன் விதையை உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. அந்தப் பிரிவு எத்தனை பெரிய கேடயம் என்பது 2019-இல் குஜராத்தில் தெரிந்தது. தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக நாலு சிறு உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியதும் வழக்கைத் திரும்பப் பெற்றது. 2021-இல் அந்த ரகத்தின் பதிவையே பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் ரத்து செய்ததும், 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்ததும் தனிக் கதை. அந்த நாலு பேர் கையில் 39-ஆவது பிரிவு இல்லாதிருந்தால் நிலம் விற்றும் கட்டியிருக்க முடியாது.

கேழ்வரகைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கொல்லிமலையில் சாமைக்கு அடுத்த கொல்லையில் நிற்பது அதுதான். பெருங்கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்று அதற்கும் ஒரு குடும்பம் உண்டு. அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் முடிச்சில் கட்டி எடுத்துவந்து, இன்னொருவர் கையில் போட்டதால்தான் இன்று நமக்குக் களி. அந்தக் கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யாவில், சான்று பெறாத விதையை உழவர் தமக்குள் பகிர்ந்தாலே சிறை என்று சட்டம் இருந்தது. 15 சிறு உழவர்கள் 2022-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2025 நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தள்ளியது.

அதே 2025 நவம்பரில் இங்கே மத்திய அரசு புதிய விதை மசோதாவின் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை கருத்துக் கேட்டது. அந்த வரைவில் உழவர் ரகங்களுக்குக் கட்டாயப் பதிவு இல்லை. உழவர் விதையைச் சேமிக்கலாம், மாற்றலாம், விற்கலாம். வணிகப் பெயரில் மட்டும் கூடாது. விதை உறையில் கியூஆர் குறியீடு வேண்டும். பெருங்குற்றத்துக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. போலி விதை விற்று உழவரின் ஒரு பருவத்தையே கொள்ளையடிக்கிறவனுக்கு இந்தத் தண்டனை அதிகமில்லை. முளைக்காத பருத்தி விதையை நம்பித் தூக்கில் தொங்கியவர்கள் இருக்கும் நாடு இது. கடையையும் நிறுவனத்தையும் இறுக்கட்டும், முழு மனதோடு கைதட்டுவேன்.

என் பயம் வணிகப் பெயர் என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'கொல்லிமலை மகளிர் குழு, கட்டவெட்டிச்சாமை, விதைக்கு' என்று துணிப்பையில் மை வைத்து எழுதினால் அது வணிகப் பெயரா? தனி ஆளாக ஆயா விற்கலாம், பத்து ஆயாக்கள் சேர்ந்து ஊர்ப் பெயர் எழுதி விற்றால் கம்பெனியாகிவிடுவார்களா? சேர்ந்தால்தான் சந்தையில் நிற்க முடியும் என்று இருபது முப்பது ஆண்டாக நாமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். குழு வைத்தோம், வங்கிக் கணக்குத் திறந்தோம், கூட்டமைப்பு என்று பெயர் சூட்டினோம். அந்தப் பெயரைப் பையில் எழுதும்போது அவர்கள் பயப்பட வேண்டி வந்தால் அது நாம் செய்த துரோகம்.

துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு செம்மேட்டில் பேருந்து ஏறினேன். காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவு. திருப்பத்துக்குத் திருப்பம் பை சரிய, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னங்க அது என்று கேட்டார். விதைச் சாமை என்றேன். பையைத் தொட்டுப் பார்த்து, எங்க வீட்ல அத்துப்போயிருச்சுங்க, வெளஞ்சா எனக்கும் ஒரு படி குடுங்க என்று தன் ஊரைச் சொன்னார். இப்போது எனக்கு இரண்டு கடன்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விதைச் சட்டம் என்று எந்த ஆட்சி எதைக் கொண்டுவந்தாலும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உழவர் குழுக்களும் கூட்டமைப்புகளும் தங்கள் ஊர்ப் பெயரிட்டு விற்கும் நாட்டு விதை, வணிகப் பெயர் என்ற சொல்லுக்குள் வராது என்று சட்டத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அரசாணையில் வேண்டாம், விதிகளில் வேண்டாம், சட்டத்தில். சந்தையில் சாக்கு விரித்து உட்காரும் ஆயாவிடம் வந்து உரிமம் கேட்க ஒரு அதிகாரிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.